கியூபெக்கின் முதற்பெண்களைத் தேடி: பிரெஞ்சுக் குடியேற்றக் காலத்து மூதாட்டி ஒருத்தியின் குடும்ப வரலாற்றைக் கண்டறியும் வழி

மொன்றியலில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குள் பிரெஞ்சு மருமகளோ மருமகனோ வந்து சேர்வது இப்போது புதுச்செய்தி அன்று. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பேர்த்தி பள்ளிக்காகத் தன் வம்சத்தை எழுத உட்கார்ந்தபோது, என் பக்கத்தில் நான்கு தலைமுறைக்கு மேல் ஒரு பெண்ணின் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. அவளுடைய தாயின் பக்கத்திலோ தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று பெண்வழியாகவே பின்னோக்கிச் சென்று, 1669ஆம் ஆண்டில் கப்பலேறி வந்த ஓர் இளம்பெண்வரை, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆவணத்தைக் காட்டி எழுத முடிந்தது. அந்தத் தேடலில் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்க விரும்பும் வேறு குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே முறையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆங்கிலேயர் குடியேறிய பகுதிகளின் பழைய ஆவணங்களில் மணமான பெண் பெரும்பாலும் கணவனின் குடும்பப் பெயருக்குள் மறைந்துவிடுகிறாள். பிரெஞ்சுக் குடியேற்றத்தில் அப்படி இல்லை. திருமணப் பதிவிலும், பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவிலும், காணி உறுதியிலும், அடக்கப் பதிவிலும் அவள் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுகிறாள். கியூபெக்கில் 1981 முதல் மணமான பெண் தன் பிறப்புப் பெயரையே சட்டப்படி பயன்படுத்த வேண்டும் என்று இருப்பதும் அந்தப் பழைய வழக்கத்தோடு பொருந்தி வருகிறது. ஆகவே இந்தத் தேடலில் பெண்ணுக்குரிய சான்றுகளை நேரடியாக அவள் பெயரிலேயே தேட வேண்டும். கணவனின் வரலாற்றில் ஒரு வரியாக அவளைத் தேடுபவர் பாதி ஆவணங்களைத் தவறவிடுவார்.

யார் இந்தப் பெண்கள்

பிரெஞ்சுக் கடலோடியான சாம்ப்ளேன் கியூபெக் நகரை 1608இல் நிறுவினார். குடும்பமாக வந்து நிலத்தில் தங்கிய முதற்பெண் என்று போற்றப்படும் மரி ரோலே, மருந்தாளரான தம் கணவர் லூயி எபேரோடும் பிள்ளைகளோடும் 1617இல் வந்து சேர்ந்தார். 1634 முதல் 1662 வரை, மணம் முடிக்கும் நோக்கோடு தனியாகவோ உறவினரோடோ வந்த பெண்கள் ஏறத்தாழ 260 பேர். இவர்களை ஆய்வாளர்கள் ‘ஃபீய் ஆ மரியே’, அதாவது மணப்பெண்கள் என்பார்கள். 1663இல் பதினான்காம் லூயி மன்னர் குடியேற்றத்தை நேரடி அரச ஆட்சியின் கீழ்க் கொண்டுவந்தபோது அங்கே இருந்த பிரெஞ்சுக்காரர் ஏறத்தாழ 3,000 பேர். ஆண்கள் மிகுதி, பெண்கள் மிகக் குறைவு. அதனால் 1663 முதல் 1673 வரை அரச செலவில் ஏறத்தாழ 770 பெண்கள் அனுப்பப்பட்டார்கள். இவர்களே ‘ஃபீய் து ருவா’ எனப்படும் அரசரின் மகள்கள்.

உங்கள் மூதாட்டி எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் தேட வேண்டிய இடம் அதைப் பொறுத்தே மாறுகிறது. 1630களில் வந்தவர் என்றால் பெரும்பாலும் குடும்பத்தோடு வந்திருப்பார். பேர்ஷ் பகுதியிலிருந்து, குறிப்பாக மோர்த்தாஞ், தூருவ்ர் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்து பலர் அப்படி வந்தார்கள். அவர்களுக்கு உறவினர், அயலவர் என்று ஒரு கூட்டமே இருக்கும். அந்தக் கூட்டத்தைப் பிடித்தால் பெண்ணும் கிடைப்பார். அரசரின் மகள்களோ பெரும்பாலும் தனியாக வந்தவர்கள். பாரிசையும் அதன் சுற்றுப்புறத்தையும், நோர்மண்டியையும், லா ரோஷேலைச் சுற்றிய மேற்குக் கரையையும் சேர்ந்தவர்கள் அவர்களில் அதிகம். தந்தையை இழந்தவர்கள் பலர். பாரிசின் சல்பெத்ரியேர் என்ற ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர்களும் இருந்தார்கள்.

இவர்களைத் தெருவிலிருந்து திரட்டி அனுப்பிய பரத்தையர் என்று சொல்லும் பழி இன்னும் அழியவில்லை. லாஒந்தான் என்ற பிரபு 1703இல் அச்சிட்ட நூலில் எழுதியதிலிருந்தே அது பரவியது. அவர் கியூபெக்குக்கு வந்தது 1683இல், அரசரின் மகள்களின் கடைசிக் கூட்டம் வந்து பத்தாண்டு கழித்து. தாம் பார்க்காத காட்சியை அவர் எழுதினார். உங்கள் குடும்பத்தில் யாராவது இந்தக் கதையைச் சொன்னால், அதைக் கேட்டுத் தேடலை நிறுத்திவிட வேண்டாம்.

இன்றிலிருந்து பின்னோக்கி: திருமணப் பதிவுகளின் சங்கிலி

யாழ்ப்பாணத்தில் காணி வாங்குபவர், விற்பவரின் உறுதியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. அந்த உறுதிக்கு முந்தைய உறுதி, அதற்கும் முந்தையது என்று தோம்பு எனப்படும் பழைய காணிப் பதிவேடுவரை தேடிப் போவார். வம்ச ஆய்வும் அதே முறைதான். புகழ்பெற்ற மூதாட்டி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து அவரிலிருந்து கீழே இறங்கி வர முயன்றால் கிட்டத்தட்ட எப்போதும் வழி தவறும். தெரிந்த ஒருவரிலிருந்து மேலே ஏறுவதே முறை.

ஏறுவதற்குரிய படிக்கட்டு திருமணப் பதிவு. கியூபெக்கில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் குடியியல் பதிவை 1994 வரை தேவாலயங்களே பெரும்பாலும் செய்துவந்தன. கத்தோலிக்கத் திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவரின் தந்தை பெயரும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் பங்கின், அதாவது அவர்கள் சேர்ந்த தேவாலய வட்டாரத்தின், பெயரும் எழுதப்படும். ஆகவே ஒரு திருமணத்தைக் கண்டுபிடித்தால் அதற்கு முந்தைய திருமணத்தைத் தேடத் தேவையான இரண்டு பெயர்களும் கையில் இருக்கும். 350 ஆண்டுகளைக் கடக்கப் பத்து முதல் பன்னிரண்டு திருமணங்கள் போதும்.

கருவிகள் நல்லவை. துருவேன் நிறுவனம் 1940களில் படச்சுருளில் எடுத்த பங்குப் பதிவேடுகளின் திரட்டு இன்று இணையத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம், 1621 முதல் உள்ள கத்தோலிக்கப் பதிவுகளைத் தொகுத்து, ஒவ்வொரு மனிதருக்கும் தனிக்கோப்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பும் அமைத்துள்ளது. சிப்ரியன் தாங்கே குருவானவர் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வம்ச அகராதியும், 1730 வரையான குடும்பங்களுக்கு ரெனே ஜெத்தே 1983இல் வெளியிட்ட அகராதியும் உள்ளன. தாங்கேயின் உழைப்பு வியக்கத்தக்கது. ஆயினும் தனியொருவர் கையால் செய்த அந்த வேலையில் பிழைகள் உண்டு. இரண்டிலும் ஒரே செய்தி வேறுபட்டால் ஜெத்தேயை நம்பிவிட்டு, மூலப் பதிவைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.

இந்தப் படிக்கட்டில் இரண்டு இடங்களில் கால் இடறும்.

முதலாவது மறுமணம். கணவனை இழந்த பெண்கள் சில மாதங்களிலேயே மறுமணம் செய்துகொண்டது அந்தக் காலத்தில் சாதாரணம். மறுமணப் பதிவில் பெற்றோரின் பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. ‘இன்னாரின் விதவை’ என்று மட்டும் இருக்கும். பெற்றோரை அறிய அவளுடைய முதல் திருமணத்துக்குத்தான் போக வேண்டும். மூன்று முறை மணந்தவளாக இருந்தால் மூன்று பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க வேண்டும்.

இரண்டாவது, ‘தி’ என்ற சொல்லால் இணைக்கப்படும் பட்டப்பெயர். ‘இன்னார் எனப்படும் இன்னார்’ என்பது அதன் பொருள். படைவீரராக இருந்ததாலோ, நிலத்தின் பெயராலோ, அடையாளத்துக்காகவோ ஒரு குடும்பத்துக்கு இரண்டாம் பெயர் ஒன்று ஒட்டிக்கொள்ளும். சில தலைமுறை கழித்து ஒரு மகன் வழியில் பழைய பெயரும் இன்னொரு மகன் வழியில் பட்டப்பெயரும் நிலைத்துவிடும். இந்தக் கட்டுரை முழுவதும் எடுத்துக்காட்டாக நான் கொள்ளப்போகும் கத்தரின் து பையோன் என்ற அரசரின் மகளை மணந்தவர் ழாக் மிவில் தி தெஷேன். அவர் வழிவந்தவர்கள் இன்று மிவில் என்றும் தெஷேன் என்றும் இரு பெயர்களிலும் இருக்கிறார்கள். தெஷேன் என்ற பெயரோடு வந்த ஒருவர் அந்தப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பதினேழாம் நூற்றாண்டில் வழி அடைபட்டு நிற்பார்.

பழைய பக்கத்தைப் படிப்பது

பிரெஞ்சு சரளமாகத் தெரியாதவரும் இந்தப் பதிவுகளைப் படிக்கப் பழகலாம், ஏனெனில் வாசகம் மாறுவதே இல்லை. முதலில் ஆண்டும் நாளும் எழுத்தால் வரும். அதன்பின் எத்தனை ஓலைகள் (மணத்தை முன்கூட்டித் தேவாலயத்தில் அறிவிப்பவை) வாசிக்கப்பட்டன, எந்தத் தடையும் தெரியவரவில்லை என்ற வரி. பின்னர் மணமகன், அவன் பெற்றோர், பங்கு, மறைமாவட்டம் (ஆயர் ஒருவரின் கீழுள்ள பங்குகளின் தொகுதி). பின்னர் மணமகள், அதே ஒழுங்கில். இறுதியில் சாட்சிகள், குருவானவரின் ஒப்பம். ‘ஃபீய்’ என்றால் மகள், ‘ஃபாம்’ என்றால் மனைவி, ‘வவ்’ என்றால் விதவை, ‘டெஃபன்’ அல்லது ‘ஃபூ’ என்றால் காலஞ்சென்றவர், ‘பருவாஸ்’ என்றால் பங்கு, ‘எவேஷே’ என்றால் மறைமாவட்டம். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

மாதங்களில்தான் நான் தவறினேன். எழுத்தர்கள் செப்டெம்பரை ஏழு என்ற எண்ணும் அதன்மேல் சிறிய எழுத்துகளில் மாதப்பெயரின் கடைசிப் பகுதியும் சேர்த்து எழுதுவார்கள். அவ்வாறே எட்டு என்ற எண் ஒக்டோபரையும், ஒன்பது நவம்பரையும், உரோம எண் பத்து டிசெம்பரையும் குறிக்கும். இலத்தீன் மொழியில் அந்த மாதப்பெயர்கள் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்றே பொருள்படுவதால் வந்த சுருக்கம் இது. நான் எட்டைக் கண்டு ஓகஸ்ட் என்று குறித்துக்கொண்டேன். விளைவாக, ஒரு பெண் கணவனை அடக்கம் செய்வதற்கு முன்பே மறுமணம் செய்ததாக என் குறிப்பில் ஆனது. அந்த முரணைத் தீர்க்க ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்திருப்பார்கள் என்று எண்ணி, இல்லாத ஒருத்தியை ஒரு மாதம் தேடினேன். தேதிகள் முரண்படும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் வாசிப்பை.

பெயரின் எழுத்து வேறுபாட்டையும் பொருட்படுத்தக் கூடாது. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே பெண்ணின் பெயர் ஐந்து பதிவுகளில் ஐந்து விதமாக வரும். வாய்விட்டுப் படித்துப் பார்த்து ஒலி ஒத்தால் அதை வேட்பாளராகக் கொள்ளலாம். ஒலி ஒத்தது மட்டும் சான்றாகாது.

திருமண ஒப்பந்தம்: நொத்தாரிசின் ஏட்டில் இருக்கும் புதையல்

முதல் தலைமுறைப் பெண்ணை எட்டியதும் தேவாலயப் பதிவோடு நின்றுவிடுபவர்கள் பலர். என் கருத்தில், அங்கேதான் உண்மையான தேடல் தொடங்குகிறது. இந்தக் குடியேற்றத்தில் வறியவர்கள்கூடத் திருமணத்துக்கு முன் நொத்தாரிசிடம், அதாவது உறுதிகளை எழுதிப் பதியும் சட்ட அலுவலரிடம், சென்று ஒப்பந்தம் எழுதுவது பெருவழக்காக இருந்தது. பங்குப் பதிவேடு எரிந்தோ நனைந்தோ அழிந்த இடங்களில் இந்த ஒப்பந்தம் ஒன்றே திருமணத்துக்குச் சான்றாக எஞ்சியிருக்கும். கியூபெக் நகரத்துத் தேவாலயம் 1640இல் தீப்பற்றியபோது பதிவேடுகளும் எரிந்தன. பிறகு மக்களின் நினைவிலிருந்து திரட்டியே அவற்றை மீண்டும் எழுதினார்கள். அத்தகைய பதிவை மூலப் பதிவுக்கு நிகராகக் கொள்ளக் கூடாது.

கனடாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய திருமண ஒப்பந்தம் 1636 ஜூலையில் எழுதப்பட்டது. மணமகன் ரொபேர் துருவேன்; மணமகள் ஆன் குளூத்தியே, அப்போது பத்து வயதுச் சிறுமி. எழுதியவர் முறையான நொத்தாரிசுகூட அல்லர், பேர்ஷிலிருந்து வந்த ழான் குயோன் என்ற கட்டடத் தொழிலாளர். தேவாலயத் திருமணம் மறு ஆண்டு நடந்தது. ஒப்பந்தத் தேதியையே திருமணத் தேதி என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. சில வேளைகளில் ஒப்பந்தம் எழுதியபின் இருவரும் மனம் மாறி அதை நீக்கிக்கொள்வதும் உண்டு. அரசரின் மகள்களில் சிலர் ஒருவரோடு எழுதியதை நீக்கிவிட்டு வேறொருவரை மணந்தார்கள். ஆகவே ஏட்டின் ஓரத்தில் நீக்கக் குறிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் தேவாலயப் பதிவைக் காட்டிலும் அதிகம் இருக்கும். பெற்றோர், பங்கு, மறைமாவட்டம் ஆகியவற்றோடு தந்தையின் தொழில் அல்லது தகுதி. பெண் கொண்டுவந்த பொருளின் மதிப்பு. சாதாரண நிலையில் உள்ளவர்களுக்கு அரசர் அளித்த 50 லீவ்ர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) நன்கொடை, அது குறிக்கப்பட்டிருந்தால். இருதரப்பிலும் உடனிருந்த உறவினர், நண்பர் பெயர்கள். பெண்ணின் தரப்பில் நிற்பவர்களை ஒவ்வொருவராக ஆராயுங்கள். தனியாக வந்த பெண்ணுக்கு உறவினர் இல்லாத இடத்தில், அதே கப்பலில் வந்த தோழி, ஒரே ஊரைச் சேர்ந்தவர், அவளுக்குத் தங்குமிடம் கொடுத்த இல்லத்தரசி என்று யாராவது நிற்பார்கள். பயணிகளின் பட்டியல்கள் பெரும்பாலும் எஞ்சாததால், அவள் யாரோடு வந்தாள் என்பதை இந்த வரிகளிலிருந்துதான் ஊகிக்க முடியும். ‘இன்ன கப்பலில் வந்தாள்’ என்று உறுதியாக எழுதிய குடும்ப மரத்தைக் கண்டால், அதற்கு ஆதாரம் என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஆண்டில் வந்த கப்பல்களைக் கொண்டு செய்த ஊகமாகவே இருக்கும்.

ஒப்பந்தத்தின் சொத்துப் பகுதி நம்மவருக்கு அவ்வளவு கடினமாக இராது. 1664 முதல் குடியேற்றம் முழுவதற்கும் பாரிஸ் வழமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. அது பிறந்த வீட்டிலிருந்து வந்த அசையாச் சொத்தைத் தனியாகவும், மணவாழ்வில் இருவரும் தேடியதைப் பொதுவாகவும் பிரித்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் முதுசம், தேடிய தேட்டம் ஆகிய சொற்களோடு வளர்ந்தவர் இந்தப் பிரிவின் அடிப்படையை உடனே புரிந்துகொள்வார். விதிகள் ஒன்றல்ல, ஆனால் கேள்வி ஒன்றே. கணவன் இறந்தால் விதவைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே குறிக்கும் பகுதியும் உண்டு. அந்தப் பெண் தனக்காகப் பேரம் பேசும் நிலையில் இருந்தாளா என்பதை அங்கே அறியலாம்.

நொத்தாரிசு ஏடுகளைக் கியூபெக் தேசிய நூலகமும் ஆவணக்காப்பகமும் இணையத்தில் படங்களாக இலவசமாக வைத்திருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக்கால ஏடுகளுக்குப் பெயர் வழியே தேட ‘பார்ஷ்மேன்’ என்ற தரவுத்தளம் உதவும். கணவன் பெயர், மனைவி பெயர் இரண்டையும் தனித்தனியே இட்டுத் தேட வேண்டும். கணவன் இறந்தபின் விதவை தன் பெயரிலேயே காணி விற்ற உறுதி அப்படித்தான் கிடைக்கும்.

அவளுடைய வாழ்க்கையை நிரப்புதல்

குடிமதிப்புகள் மூன்று. குடியேற்றத்தின் நிர்வாக அதிகாரி ழான் தலோன் 1666இல் எடுத்ததில் 3,215 பேர் பதிவானார்கள். 1667இல் எடுத்ததில் நிலமும் மாடுகளும் சேர்ந்தன. 1681இல் எடுத்தது மூன்றாவது. இவற்றில் மனைவியும் பெரும்பாலும் தன் பெயரோடும் வயதோடும் வருகிறாள். வயதை மட்டும் நம்ப வேண்டாம். 1666இல் 22 என்று இருந்தவள் 1681இல் 33 என்று இருப்பதைக் காணலாம். அடக்கப் பதிவில் வயது இன்னும் விலகும். இருபக்கமும் ஐந்து ஆண்டு விட்டு ஞானஸ்நானத்தைத் தேடுவதே முறை.

பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளில் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெண் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஞானத்தாயாக வந்தால் அவளுக்கும் உங்கள் மூதாட்டிக்கும் ஏதோ பிணைப்பு இருந்தது.

கணவனோ மனைவியோ இறந்து, வயதுவராத பிள்ளைகள் எஞ்சினால், உறவினரும் நண்பரும் நீதிபதி முன் கூடிப் பாதுகாவலரைத் தெரிவுசெய்வார்கள். வயதுவருதல் என்பது அப்போது 25. அந்தக் கூட்டத்தின் பதிவில் ஒவ்வொருவரும் பிள்ளைகளுக்கு என்ன முறை என்று எழுதப்பட்டிருக்கும்: தாய்வழி மாமன், பெரியம்மாவின் கணவர் என்று. பெண்வழி உறவை வெளிப்படையாகச் சொல்லும் பதிவு இதைப்போல் வேறில்லை. அதையடுத்து வீட்டுப் பொருட்களின் பட்டியல் எடுக்கப்படும். இரும்புச் சட்டி, ஓட்டை விழுந்த போர்வை, பாதி தேய்ந்த பாவாடை, அரைப்படி தானியம் என்று நொத்தாரிசு அறை அறையாக நடந்து மதிப்பெழுதிய அந்தப் பட்டியலைப் படித்த நாளில்தான், பேர்த்தியின் தாளில் ஒரு கட்டமாக இருந்தவள் எனக்கு மனுஷியாகத் தெரிந்தாள்.

கடலைக் கடந்து பிரான்சுக்கு

இப்போது கையில் ஒரு பங்கின் பெயரும் ஒரு மறைமாவட்டத்தின் பெயரும் இருக்கும். பிரான்சின் இன்றைய நிர்வாக மாவட்டங்கள் 1790இல் உருவானவை. ஒப்பந்தத்தில் அவை வரா. ஆகவே பழைய பங்கு இன்று எந்தக் கொம்யூனில் (உள்ளூராட்சிப் பிரிவில்), எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மோர்த்தாஞ் இன்று ஓர்ன் மாவட்டத்தில், ருவான் சென்-மரித்தீம் மாவட்டத்தில், லா ரோஷேல் ஷரந்த்-மரித்தீம் மாவட்டத்தில் உள்ளன. லா ரோஷேல் மறைமாவட்டம் 1648இல்தான் ஏற்பட்டது என்பதால், அதற்கு முன் பிறந்தவளின் ஊர் வேறு மறைமாவட்டத்தின் பெயரோடும் குறிக்கப்படலாம். அந்த நகரில் புராட்டஸ்டன்ட் மக்கள் மிகுதியாக இருந்ததால், கத்தோலிக்கப் பதிவில் கிடைக்காத பெண்ணை அவர்களுடைய பதிவேடுகளிலும் தேட வேண்டும்.

தேடத் தொடங்குமுன் ‘ஃபிஷியே ஒரிஜின்’ என்ற இலவசத் தரவுத்தளத்தைப் பாருங்கள். குடியேறியவர்களில் யாருடைய ஞானஸ்நானமோ பெற்றோர் திருமணமோ பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளதோ, அவர்களுடைய விவரங்கள் அங்கே உள்ளன. அதில் இல்லையென்றால் அந்த மாவட்டத்தின் ஆவணக்காப்பகம் இணையத்தில் வைத்துள்ள பதிவேட்டுப் படங்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியதுதான். ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்று 1539இல் அரச ஆணை பிறந்தது. திருமணமும் அடக்கமும் பதிய வேண்டும் என்று 1579இல். இரண்டு படிகள் எழுத வேண்டும் என்று 1667இல். ஆணை இருந்தது என்பதால் ஏடு எஞ்சியிருக்கிறது என்று பொருளல்ல.

பொருந்தும் பெயரோடு ஒரு ஞானஸ்நானம் கிடைத்ததும் மகிழ்ந்து வேலையை முடித்துவிடாதீர்கள். அதே பங்கில் அந்தக் குழந்தை சிறுவயதிலேயே அடக்கம் செய்யப்பட்டதா என்று பாருங்கள். அந்தப் பெயருடைய பெண் கியூபெக்கில் மணம் நடந்த பின்னரும் பிரான்சில் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறாளா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் தந்தை காலஞ்சென்றவர் என்று இருந்தால், அவருடைய அடக்கம் அந்தத் தேதிக்கு முன் இருக்கிறதா என்று பாருங்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் பொருந்தி, இந்த மூன்று சோதனைகளையும் தாண்டினால்தான் அது அவளுடைய ஞானஸ்நானம்.

பாரிஸ் பெண்களின் நிலை துயரமானது. 1871 மே மாதத்தில் பாரிஸ் கொம்யூன் எனப்படும் மக்கள் எழுச்சியின் இறுதி நாட்களில் நகரமண்டபமும் நீதிமன்ற மாளிகையும் எரிந்தன. பதிவேடுகளின் ஒரு படி ஓரிடத்திலும் இன்னொரு படி மற்றதிலும் இருந்ததால் இரண்டும் போயின. ஆனால் பாரிஸ் நொத்தாரிசுகளின் ஏடுகள் தப்பின. தேசிய ஆவணக்காப்பகத்தில் அவற்றுக்கென்றே ‘மினுத்தியே சன்ட்ரால்’ என்ற பெரும் பிரிவு உண்டு. பெற்றோரின் திருமண ஒப்பந்தம், பாகப்பிரிவினை, பாதுகாவல், கடன் உறுதி என்று ஏதேனும் ஒன்றில் அந்தக் குடும்பம் இருக்கக்கூடும்.

கத்தரின் து பையோனின் வரலாறு நொத்தாரிசு ஏடுகளும் பிரபு குடும்பங்களின் பத்திரங்களும் எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதைக் காட்டுகிறது. அவர் 1669இல் வந்து, அதே ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் கியூபெக் நகரில் ழாக் மிவிலை மணந்தார். ஒப்பந்தம் அதற்குச் சில வாரங்கள் முன்னர் எழுதப்பட்டது. தந்தை அல்ஃபோன்ஸ் து பையோன், தாய் லூயிஸ் து மார்ல், ஊர் மோன்ஃபோர்-லமோரிக்கு அருகிலுள்ள லே லே. இன்று ஈவ்லின் மாவட்டம். தந்தை பெயரோடு வந்த ‘எக்குயே’ என்ற பட்டம் அவர் பிரபு குலத்தவர் என்பதைக் காட்டியது. அரசரின் மகள்களில் அப்படிப்பட்டவர் மிகச் சிலரே. அந்த ஒரு சொல்லைப் பிடித்து, தந்தையின் குடும்ப வழியாக ஒவ்வொரு தலைமுறையையும் ஆவணத்தால் நிறுவிச் சென்ற நான்கு வம்ச ஆய்வாளர்கள், பேரரசர் சார்லமேன்வரை அவருடைய முன்னோரை எட்டி, 1997இல் ஆய்வை வெளியிட்டார்கள். மிவில், தெஷேன் வழியில் பிறந்த ஆயிரக்கணக்கானோருக்கு அந்த ஒரு பெண்ணே அந்தத் தொடர்பு. கத்தரினும் கணவரும் 1688 ஜனவரியில் மறைந்தார்கள்.

இதைச் சொல்வதால் எல்லோர் வீட்டிலும் அரச குலம் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இணையத்தில் உலவும் குடும்ப மரங்களில் அரச வம்சத்தோடு இணைப்பவை ஏராளம். அவற்றுள் ஒரு தலைமுறையாவது ஆவணமின்றி ஒட்டப்பட்டிருக்கும். சந்தேகம் வரும் இடம் கிட்டத்தட்ட எப்போதும் ஒரு பெண்ணின் பெற்றோர்தான்.

மரபணுச் சோதனை

பெண்வழித் தேடலுக்கு உரிய சோதனை இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) மரபணுச் சோதனை. தாயிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் அது போகும்; மகள் வழியே மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகும். அந்த மூதாட்டியின் இரண்டு வெவ்வேறு மகள்கள் வழியில், இடையில் ஆண் ஒருவரும் வராமல் இறங்கிய இன்றைய இருவரைச் சோதித்து, இருவரின் முடிவும் ஒத்திருந்தால், இடைப்பட்ட திருமணப் பதிவுகளின் சங்கிலி சரியானது என்று உறுதியாகும். இந்த வழித்தடம் எவ்வளவு நம்பகமானது என்பதற்கு மருத்துவம் ஒரு சான்று தருகிறது. லெபர் நோய் எனப்படும் பரம்பரைப் பார்வைநரம்புக் கோளாற்றின் ஒரு வகை பிரெஞ்சுக் கனடியரிடம் மிகுதியாக இருப்பதற்கான காரணத்தைத் தேடியவர்கள், பெண்வழிச் சங்கிலிகளைப் பின்தொடர்ந்து, 1669இல் கியூபெக் நகரில் மணந்த அரசரின் மகள் ஒருத்தியை எட்டினார்கள்.

ஆயினும் சோதனையால் பெற்றோரின் பெயரை அறிய முடியாது. ஆவணத்தைப் புறந்தள்ளவும் அது போதாது. 1663இல் வந்த கத்தரின் பியார் என்பவரின் வழித்தோன்றல்களிடம் ‘ஏ’ என்ற தாய்வழி மரபணுப் பிரிவு கிடைத்ததும், அவர் பூர்வகுடிப் பெண் என்று சிலர் அறிவித்தார்கள். அந்தப் பிரிவு அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் பரவலாக இருப்பது உண்மைதான். நுணுகிச் சோதித்தபோது அது ‘ஏ10’ என்ற கிளை என்று தெரிந்தது; அது பூர்வகுடிகளின் கிளைகளில் ஒன்றல்ல. அவருடைய ஞானஸ்நானப் பதிவு லா ரோஷேலில் இருந்தது.

எழுதிவைக்கும் முறை

ஒவ்வொரு பெயருக்கும் கீழே எந்த ஏடு, எந்தத் தேதி, படத்தை நீங்களே பார்த்தீர்களா அல்லது அகராதியிலிருந்து எடுத்தீர்களா என்று குறியுங்கள். உறுதியானதையும் ஊகத்தையும் வெவ்வேறு மையால் எழுதுங்கள். பேர்த்தியின் தாளில் நீல மை ஆவணம், பென்சில் ஊகம். அவளுடைய கடைசி மூதாட்டி பாரிஸ் பெண். ஒப்பந்தத்தில் பெற்றோரின் பெயர்களும் பங்கின் பெயரும் உள்ளன, ஞானஸ்நானம் 1871 தீயில் போயிற்று. ஒப்பந்தத்தின் அடியில் அவளுக்கு ஒப்பமிடத் தெரியாது என்று நொத்தாரிசு எழுதிய வரியைப் படமெடுத்து அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அதற்கு மேலே உள்ள இரண்டு கட்டங்களில் பெற்றோரின் பெயர்கள் மட்டும் நீல மையில் உள்ளன. அவர்களுக்கு மேலே இன்னும் பென்சிலால்கூட ஒன்றும் எழுதவில்லை. இப்போது மினுத்தியே சன்ட்ராலில் அந்தப் பங்கைச் சுற்றித் தொழில்செய்த நொத்தாரிசுகளின் அட்டவணைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறோம்.